பயத்தின் பெருக்கல் கணக்கு

படைபலம் பெருகினால் பயம் தீரும் என்பது ராஜதந்திரிகள் நெடுங்காலமாக ஓதிவரும் மந்திரம். அதைக் கணிதத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன் என்னும் ஆங்கிலேயர். வானிலை சாஸ்திர நிபுணரான அவர் யுத்தத்தை வெறுக்கும் குவேக்கர் சமயத்தினர். முதல் உலக மகாயுத்தத்தில் ஆயுதமேந்தாது, பிரான்ஸில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். தாம் பணிபுரிந்த வானிலை இலாகா ஆகாயப்படையை நிர்வகித்த மந்திரி இலாகாவுடன் இணைக்கப்பட்டதும், 1920-ல் அந்த உத்தியோகத்தையே உதறினார்.

அவர் 1939-ல் வெளியிட்ட கணக்கு எளியது. பகைத்து நிற்கும் இரு தேசங்களில், எதிரியின் ஆயுதத்தைக் கண்ட பயம் ஆயுதப் பெருக்கத்தைத் தூண்டுகிறது. செலவின் பாரம் அதைத் தடுக்கிறது. பழைய மனக்குறை உள்ளிருந்து உந்துகிறது. இருவர் தடைகளையும் பெருக்கி வரும் தொகை, இருவர் பயங்களையும் பெருக்கி வரும் தொகையை விஞ்சினால் போட்டி ஓரளவில் நிலைபெறும். விஞ்சாவிடில், மனக்குறை உள்ளவரை அது ஏறிக்கொண்டே போகும். பிரான்ஸும் ருஷ்யாவும் ஒருபுறம், ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் மறுபுறமாக, 1909-ல் ராணுவத்திற்கு ஒதுக்கியது சுமார் 20 கோடி பவுன். 1913-ல் அது சுமார் 29 கோடியாயிற்று. பாதுகாப்பு வளர்ந்ததா? அடுத்த ஆண்டிலேயே ஐரோப்பா தீப்பற்றி எரிந்தது.

இக்கணக்கின் உட்பொருளை உற்று நோக்குக. பெருக்கல் கணக்காதலின், ஒரு தரப்பின் பயம் குறைந்தாலும் முழுத்தொகை குறையும். ஆகவே எதிரியின் அச்சத்தைத் தணிப்பது தயையன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் வழியே ஆகும்.

மனிதர் எண்களல்லர் என ஆட்சேபிப்போர் உண்டு. ரிச்சர்ட்ஸனே அதற்கு விடை பகர்ந்தார்: நிதானித்து யோசியாவிடில் மக்கள் என்ன செய்வார்களோ, அதையே தம் கணக்கு காட்டுவதாகச் சொன்னார். யோசித்ததன் பலனையும் உலகம் கண்டிருக்கிறது. 1986-ல் சுமார் 70,000 ஆக இருந்த அணு ஆயுதங்கள் இன்று சுமார் 12,000. ஒருவர் கிடங்கை மற்றவர் நேரில் பரிசோதிக்க இடந்தந்த 1987-ஆம் வருஷத்து அமெரிக்க-சோவியத் உடன்படிக்கை இக்குறைவுக்குத் துணை நின்றது. அது 2019-ல் முறிந்தது. ஏவுகணைத் தடுப்பை வரையறுத்த 1972-ஆம் வருஷத்து உடன்படிக்கையை அமெரிக்கா 2002-லேயே கைவிட்டது. மிஞ்சியுள்ள ஆயுதங்களோ உலகை அழிக்கப் போதுமானவை. தடைகளை ஒவ்வொன்றாகத் தகர்த்துவிட்டு ஸ்திரத்தை எதிர்பார்ப்பது பேதைமை.

நம் தேசத்திற்கும் இதில் பாடமுண்டு. பரஸ்பரம் அணு நிலையங்களைத் தாக்குவதில்லையென இந்தியாவும் பாகிஸ்தானும் 1988-ல் ஒப்பந்தம் செய்தன. அந்நிலையங்களின் ஜாபிதாவை 1992 முதல் ஜனவரி 1-ந் தேதிதோறும் பரிமாறி வந்துள்ளன. 1999-ல் கார்கிலில் ரத்தம் சிந்திய பின்னரும் அவ்வழக்கம் அறவில்லை. காகிதம் சிறிதே, அதன் காரியம் பெரிது. வீரம் பேசுவோர் இத்தகைய காகிதங்களை ஏளனம் செய்யலாம். தேசத்தைக் காக்க விரும்புவோர் அவற்றைப் பெருக்கவே பாடுபட வேண்டும்.