மணிக்கணக்கு வேண்டாம், அட்டைக்கணக்கு போதும்

ஓய்வு பெற்றவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "ஒரு டைம்டேபிள் போட்டுக்கொள்ளுங்கள் சார்." நாமும் ஐந்து மணிக்கு எழுவது, ஐந்தரைக்கு நடை, ஏழுக்குப் பேப்பர், எட்டுக்குப் பூஜை என்று எழுதி பீரோ கதவில் ஒட்டுவோம். மூன்றாம் நாள் தண்ணீர் லாரி ஐந்தரைக்கு வந்து நிற்கும். அடுத்த நாள் பள்ளி விடுமுறை என்று மகள் பேரனைக் கொண்டுவந்து விடுவாள். ஒன்று தவறினால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தவறும். பத்தாம் நாள் அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்காது. 'வயதாகிவிட்டது, நம்மால் முடியவில்லை' என்ற எண்ணம்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால், பழியை வயதின் மேல் போடக்கூடாது. தாளின் மேல் போட வேண்டும்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கே இது சரிப்படவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்தையும் பங்கு பிரித்து அவர் போட்ட அட்டவணை அவருடைய சுயசரிதையில் இருக்கிறது. ஆனால் ஒழுங்கு என்ற ஒன்றுதான் தனக்கு அதிகச் சிரமம் தந்தது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். அச்சுக்கூடத் தொழிலாளி வேண்டுமானால் அப்படி நடக்கலாம். நாலு பேர் அவரவர் சௌகரியப்படி வந்து போகும் முதலாளியால் முடியாது என்பது அவர் கண்டது. குறைகளைக் குறித்துவைத்த நோட்டில் அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதால், ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினார்.

நமக்குத் தந்தம் வேண்டாம். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகள் போதும். கெட்டியான பத்திரிகையைச் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டி, காலியான பக்கத்தில் ஓர் அட்டைக்கு ஒரு வேலை என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள்: நடை, செடிக்குத் தண்ணீர், மாவு அரைப்பது, வங்கி, தம்பிக்குப் போன். பத்திரிகை வந்த உறைகளில் மூன்றைப் போன வருஷத்துக் காலண்டர் அட்டையில் ஒட்டி 'இன்று', 'முடிந்தது', 'பிறகு' என்று எழுதி, சமையலறைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

காலைக் காபி முடிந்ததும் ஐந்தாறு அட்டைகளை 'இன்று' உறையில் போட வேண்டும். எதிலும் மணி எழுதக்கூடாது. மழை வந்தால் நடை மட்டும் 'பிறகு'க்குப் போகும், மற்றவை கலையாது. ஓர் அட்டை ஒரு மாதமாக 'பிறகு'விலேயே கிடந்தால், அன்றே செய்துவிடுங்கள், அல்லது கிழித்துப் போடுங்கள்.

எல்லாவற்றையும் இப்படித் தள்ளிப்போட முடியாது. மாத்திரைகளை இந்த ஆட்டத்தில் சேர்க்கவே கூடாது. எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தனித்தாளில் எழுதி நிரந்தரமாக ஒட்டிவைக்க வேண்டும். தேதி தவறக்கூடாதவையும் உண்டு: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ். தினசரி காலண்டரில் அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முந்திய தாளில் இப்போதே பேனாவால் எழுதிவிடுங்கள். தாளைக் கிழிக்கும்போது அது தானே கண்ணில் படும்.

இதற்கெல்லாம் செல்போனில் செயலி இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். இருக்கிறது, நல்லதுதான். ஆனால் போனில் உள்ளது போன் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். திடீரென்று ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், வீட்டில் இருப்பவரோ ஊரிலிருந்து ஓடிவரும் பிள்ளையோ சுவரைப் பார்த்தே வீட்டை நடத்தலாம். ரகசிய எண் கேட்டு நிற்க வேண்டாம்.

இன்னொரு பலனும் உண்டு. மனைவியின் அட்டைகளுக்கு ஒரு மூலையை வெட்டிவிடுங்கள். கண்ணாடி இல்லாமலே விரல் தடவித் தெரிந்துகொள்ளலாம். ஒரு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். நமக்கு ஓய்வு கொடுத்த அரசாங்கமோ கம்பெனியோ அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பது அப்போது தெரியும். மூலை வெட்டிய அட்டைகளில் நாலைந்தை நம் பக்கம் எடுத்துக்கொண்டால் காகிதம் வெட்டிய சிரமம் வீண்போகாது.