அந்த அரைக் கோர்

கரண்ட் பில்லைப் பற்றிப் புலம்பாத பெரியவர் எங்கள் ஆரப்பாளையத்தில் கிடையாது. வருகிற கரண்ட் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நமக்கு வருவது விநாடிக்கு 50 சுற்று உள்ள அலை. பழைய குண்டு பல்பு அதை அப்படியே வாங்கிக்கொண்டது. எல்.இ.டி., கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர் போன்றவை பெரும்பாலும் அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று உறிஞ்சும். அதனால் அலை நெளிந்துவிடும். அதைப் பிரித்துப் பார்த்தால் 50-உடன் 150, 250, 350 சுற்று அலைகளும் கலந்திருக்கும். இவைதான் ஹார்மோனிக்ஸ். அலையை இப்படிப் பிரிக்கும் வழியை 1822-இல் வெப்பம் பற்றிய தம் நூலில் விளக்கியவர் ழோசப் ஃபூரியே. (பிரெஞ்சில் படித்த எனக்கு, அவரை ‘ஃபோரியர்’ என்று சொன்னால் காது கூசும்.)

தம்பூராவில் மந்தர சட்ஜத்தை மீட்டினால் உள்ளிருந்து அந்தர காந்தாரம் எழும்புமே, அதுவும் ஐந்தாவது ஹார்மோனிக்தான். கச்சேரியில் அது இனிமை. டிரான்ஸ்பார்மரில் வெறும் சூடு.

ஆலைகளுக்குச் சட்டம் உண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் 2007 விதிகள், இணைப்பு இடத்தில் மின்னழுத்த நெளிவுக்கு 5 சதவீதம் என்று வரம்பு கட்டின. வடிகட்டும் கருவி வைக்காமல் வரம்பை மீறும் உயரழுத்த நுகர்வோரிடம் 15 சதவீதம் இழப்பீடு வாங்கலாம் என்று நம் மாநில ஒழுங்குமுறை ஆணையமும் கட்டண ஆணையில் சொன்னது. சரியான காரியம்தான்.

ஆனால் கடைத்தெருவும் அடுக்குமாடியும்? மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்பது பழைய கணக்கு. அதை நம்பித்தான் மூன்றரை கோர் கேபிள் போட்டார்கள். அந்த ‘அரை’தான் நியூட்ரல், மற்ற கம்பிகளில் ஏறக்குறைய பாதி தடிமன். 150 சுற்று அலையோ கழியாது. மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றாகக் கூடும். சில கட்டடங்களில் பேஸ் கம்பியைவிட நியூட்ரலில் அதிகம் ஓடும். இருப்பதிலேயே மெலிந்தவன் தலையில் பெரிய மூட்டை! நியூட்ரல் தீய்ந்து அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400-ஐ நெருங்கி வரலாம். பிரிட்ஜும் டி.வி.யும் அத்தோடு போச்சு.

ஆகவே புதுக் கட்டடங்களுக்கு, கம்ப்யூட்டரும் எல்.இ.டி.யும் நிறைந்த இடங்களுக்காவது, நியூட்ரலும் முழுத் தடிமனாக உள்ள நாலு கோர் கேபிளைக் கட்டாயமாக்க வேண்டும். செலவு கூடும் என்பார்கள் பில்டர்கள். வாசலில் கிரானைட் பதிக்கிறவர்களுக்கு அரைக் கோர் செம்போ அலுமினியமோ பாரமா? பழைய அடுக்குமாடிக்காரர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் பெயிண்ட் பற்றிப் பேசுமுன், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மாலை ஏழு மணிக்கு டாங் டெஸ்டரை நியூட்ரலில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.