கொதிப்பு அடங்கிய பின்னும் மாத்திரை ஏன்?

சோழவந்தானை அடுத்த சிற்றூரிலிருந்து சகோதரி ஒருவர் நம்மை வினவுகிறார்: “என் தகப்பனாருக்கு வயது 68. நீரிழிவு உண்டு, முன்பு ஒருமுறை மாரடைப்பும் வந்தது. இரத்தக் கொதிப்பு இப்பொழுது 126/78 தான். ஆயினும் அதற்கென மூன்று மாத்திரைகள் உண்கிறார். ‘இறங்கிவிட்டதே, நிறுத்துங்கள்’ என்கிறார்கள் அண்டை வீட்டார். நிறுத்தலாமா?”

நாமாக நிறுத்தலாகாது, சகோதரியே. அந்த 126 மாத்திரையால் வந்த எண். மருந்தை விட்டால் கொதிப்பு மீண்டும் ஏறும். ஏறுவது பலருக்குத் தெரிவதுமில்லை. இருதய நோயும் நீரிழிவும் சேர்ந்தவர்க்கு 130/80-க்குக் கீழ் இருப்பது நலம் என்பதே மருத்துவர்களின் பொதுக் கருத்து.

இன்னொரு காரணமும் உண்டு. நம் எண்ணத்தில் அதுவே பெரிது. கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் நம் ஆயர் பேரவையின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் டாக்டர் சலீம் யூசுப். அவர் கனடாவிலிருந்து தலைமையேற்று நடத்திய ‘ஹோப்’ ஆய்வின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இருதய, இரத்தக்குழாய் நோயுற்றோரும், நீரிழிவோடு வேறு ஆபத்துகளும் உடையோருமாக 9,000-க்கு மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு ராமிப்ரில் என்னும் மருந்து. மறு சாராருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரை. ராமிப்ரில் உண்டோரிடையே மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் மரணம் ஆகியவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. இரத்த அழுத்தம் குறைந்ததோ இரண்டு மூன்று புள்ளிகளே! கொதிப்பைத் தணிப்பதோடு, இரத்தக் குழாய்களையும் அம்மருந்து காக்கிறது எனக் கொள்ளலாம். (இவ்வகை மருந்துக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சு என்றால் பாட்டிமார் நம்புவார்களோ?)

எனவே தகப்பனாரின் மூன்று மாத்திரைகளில் எது எதற்கென்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ராமிப்ரில் வகை நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்தையும் காக்கும். சிலருக்கு வறட்டு இருமல் தரும். இருமினால் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. இருதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையானால், சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வையைக் கொண்டே அறிய வேண்டும்.

எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறதா? நின்ற நிலையிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். தேவையானால் அளவை மருத்துவரே குறைப்பார்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள், ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை ஆவலோடு வாங்குகிறார்கள். அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். ராமிப்ரில் உண்பவருக்கு, அதுவும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், அது ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேளாமல் வேண்டாம்.

மாத்திரைக்காக ஒவ்வொரு முறையும் மதுரை இராஜாஜி மருத்துவமனைக்குப் பஸ் ஏற வேண்டுமென்பதில்லை. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், கொதிப்புக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகின்றனர். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தகப்பனாரின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.