"ஓடுற இன்ஜின் சார்!" என்பது ஒரு டெஸ்டா?

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய கார் இன்ஜின் விசாரித்தால் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான். "ஓடிக்கிட்டு இருந்த வண்டியில இறக்கினது சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டுங்க!" ஆட்களும் நிஜமாகவே கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கால் கிலோ வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து இன்ஜினை அப்படியே லோடு ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். என்ன கொடுமை இது?

இன்ஜினை ஓட்டியே காட்டினாலும் அது அரை டெஸ்ட்தான். கெட்டியான ஆயில் ஊற்றினால் தேய்ந்த இன்ஜினின் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கிப் போகும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாத நோய் வெளியே தெரியாது.

அப்புறம் எதைத்தான் நம்புவது? கம்ப்ரஷன் டெஸ்டை! எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, த்ராட்டிலை முழுசாகத் திறந்து, நல்ல பேட்டரியில் செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, மூன்று சிலிண்டர் மாருதி 800 இன்ஜினில் 160, 155, 110 பி.எஸ்.ஐ. என்று வந்தால் மூன்றாவதில் கோளாறு. சிலிண்டர்களுக்கு இடையே 10-15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே உஷாராக வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

"கியர்பாக்ஸ், செல்ஃப் எதுவும் இல்லாம தரையில கிடக்கிற இன்ஜினை எப்படி சார் சுத்துறது?" என்பார்கள். சுத்தவே வேண்டாம்! பஞ்சர் கடையில் இருக்கும் கம்ப்ரஸர் போதும். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, கிராங்க் திரும்பாமல் ஸ்பேனரால் பிடித்து, பிளக் ஓட்டை வழியாகக் காற்றை விட்டுக் காதைக் கொடுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் லேசான சீற்றம் எந்த இன்ஜினிலும் இருக்கும். பலமாக வந்தால் ரிங். சைலன்சர் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. தண்ணீர் நிரப்பிய கூலன்ட் வாயில் குமிழி வந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்.

இந்த இரண்டு டெஸ்டும் பேரிங் நிலையைச் சொல்லாது. அதற்கு ஆயிலை வடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உலோகத் துகள் மினுமினுத்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

இதற்கெல்லாம் நேரமில்லை என்கிறார் மெக்கானிக். சரி, மாட்டிய பிறகு கோளாறு தெரிந்தால்? மறுபடி இறக்கி ஏற்றும் கூலி, புது ஆயில், கூலன்ட், கேஸ்கெட்... எல்லாம் யார் தலையில்? கடைக்காரர் தரும் ஒரு வார கேரண்டி பெரும்பாலும் இன்னொரு பழைய இன்ஜினுக்குத்தான். இரண்டாவது கூலிக்கு அல்ல! மெக்கானிக்குக் கூலி இரண்டு முறை, கடைக்காரருக்கு வியாபாரம் ஒரு முறை, கார்காரருக்கு மட்டும் நஷ்டம். அதனால்தான் டெஸ்ட் பண்ண யாருக்கும் அவசரமில்லை.

ஆகவே மக்களே, டெஸ்ட் முடியும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நாலு பிளக்கைக் கழற்ற விடாத கடைக்காரர் எதையோ மறைக்கிறார் என்று வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!