கருவியா? கட்டுப்பாடா?

இளம் அறிவியல் மூன்றாமாண்டு, இயற்பியல்

மனிதனின் வேட்கைக்கு எல்லை ஏது? மலையுச்சியில் கொடி நாட்டினான். மதியின்மேல் கால் பதித்தான். மண்ணுக்குள்ளே நீர் நிறைந்து இருண்டு கிடக்கும் குகைகளையும் அவன் விட்டுவைக்கவில்லை. காற்றடைத்த உருளையைச் சுமந்துகொண்டு அந்த இருளுக்குள் நீந்திச் செல்வதையே குகை முக்குளிப்பு என்கிறோம். இதில் இறங்க விரும்புவோர் முதலில் கேட்பது, "என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?" என்பதே. "எதை, எந்த வரிசையில், யாரிடம் கற்க வேண்டும்?" என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு.

கிணற்றிலும் குளத்திலும் நீந்திப் பழகியவர்கள் நாம். மூச்சு முட்டினால் மேலே வந்துவிடுவோம். தலைக்கு மேலே வானம் இருக்கிறது. குகையிலோ தலைக்கு மேலே பாறை! வந்த வழியே திரும்பினாலன்றி மீட்சியில்லை. தரையில் படிந்திருக்கும் வண்டல் ஒரு காலுதையில் கலங்கிவிட்டால் கைவிளக்கும் பயனற்றுப் போகும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து நீரூற்றுக் குகைகளில் எமனின் உருவம் தீட்டிய எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன. குகைகளில் மாண்டவர்களுள் முக்குளிப்பு கற்பிக்கும் ஆசிரியர்களும் உண்டு என அவை எச்சரிக்கின்றன. அவர்களிடம் கருவி இல்லையா? துணிவுதான் இல்லையா? திறந்த நீரில் பெற்ற தேர்ச்சி குகைக்குப் போதவில்லை என்பதே உண்மை.

அதே ஃபுளோரிடாவில் ஷெக் எக்ஸ்லி என்றொரு கணித ஆசிரியர் வாழ்ந்தார். குகைகளில் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்து 1979-இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்ட பெருங்காரணங்கள் மூன்று: குகை வாயில்வரை தொடரும் வழிகாட்டிக் கயிறு இல்லாமை, திரும்பி வருவதற்குரிய காற்றை மிச்சம் வைக்காமை, அளவு மீறிய ஆழம். பயிற்சியின்மையும் விளக்குக் குறைவும் பின்னாளில் இவற்றோடு சேர்க்கப்பட்டன.

குகை முக்குளிப்பவர் சுமக்கும் கருவிகள் இந்தச் சாவுகள் கற்பித்த பாடங்களே. ஒன்று பழுதானால் உதவ மற்றொரு சுவாசக் கருவி. ஆளுக்கு மூன்று விளக்குகள். சுருளில் சுற்றிய கயிறு. அது உடலில் சிக்கினால் அறுக்க ஒரு கத்தி. குறுகிய வழியில் முன்னும் பின்னுமாக நீந்தும்போதும் தோழருக்குக் காற்றளிக்க ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள குழாய். இவையெல்லாம் விலைக்குக் கிடைக்கும். எப்போது திரும்புவது என்ற தெளிவு எந்தக் கடையில் கிடைக்கும்?

இதோ ஓர் எளிய கணக்கு. இருவர் ஒரே அளவுள்ள உருளைகளில் 210 பார் அழுத்தத்தில் காற்றுடன் செல்கின்றனர். மூன்றில் ஒரு பங்கான 70 செலவானதும் திரும்பிவிட வேண்டும். அந்த இடத்தில் ஒருவரின் காற்று முழுவதும் வீணானாலும், மற்றவரிடமுள்ள 140 இருவருக்கும் எழுபது எழுபதாகப் பயன்பட்டு வெளியே சேர்க்கும். அச்சத்தில் மூச்சு விரைந்தால் அதுவும் போதாது; ஆகவே அந்த மூன்றிலொரு பங்கே உச்சவரம்பு. 30 மீட்டர் ஆழத்திலோ நீர்மட்டத்தில் செலவாவதைப்போல் நான்கு மடங்கு காற்று செலவாகும்!

பயிற்சிக்கும் படிகள் உண்டு. முதலில் திறந்த நீர். அடுத்து மேலெழாமலும் தரையைத் தொடாமலும் நடுவே மிதக்கும் பழக்கம். பின்னர்ப் பகலொளி எட்டும் குகைமுகப்பு. அதன் பிறகே உட்குகை. மரங்களுக்கிடையே கயிறு கட்டி, கண்களை மூடிக்கொண்டு, அதைத் தடவியே நடந்து பழகும் பயிற்சி தரையிலேயே தொடங்குகிறது. பணம் செலவாகாத இந்தப் பாடம் விலையுயர்ந்த விளக்கைவிட மேலானதன்றோ?

2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தால் சிக்கிக்கொண்டனர். அந்நாட்டுக் கடற்படை வீரர்களின் துணிவுக்குக் குறைவில்லை. ஆயினும் குகை முக்குளிப்பில் நெடுங்காலம் பழகிய பிரித்தானியர் இருவரே அவர்களைக் கண்டுபிடித்தனர். காற்று உருளைகளை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் உயிர் நீத்தார். உள்ளே சிக்கிய பதின்மூவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். அவருடைய தியாகத்தை வணங்குவோம். குகை எவ்வளவு கொடியது என்பதையும் உணர்வோம்.

"விதி வகுத்த எக்ஸ்லியே 1994-இல் மெக்சிக்கோவின் சகத்தோன் நீர்க்குழியில் மாண்டாரே, விதியால் என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். முந்நூறு மீட்டரையும் தாண்டிய ஆழத்தை எட்ட முயன்றபோதே அவர் மறைந்தார். ஆழத்துக்கு எல்லை வேண்டுமென்று எழுதியவரையும் ஆழம் விட்டுவைக்கவில்லை என்றால், அந்த விதிக்கு வேறு சான்றும் வேண்டுமா?

ஆகவே தோழர்களே, ஆர்வம் உடையோர் முதற்பணத்தைப் பயிற்சிக்கே செலவிடுக! கருவி விற்போரும், "குகைப் பயிற்சி பெற்றதுண்டா?" என்று கேட்ட பின்னரே விற்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு காற்று கையிருக்க, முன்னே குகை அழைக்க, "போதும்" என்று திரும்புகிறானே, அவனையே நான் வீரன் என்பேன்.