நீர்மேல் ஒரு வானவில்

சென்ற ஆண்டு வைகாசித் திங்களில் எமது கல்லூரி மாணாக்கரை அழைத்துக்கொண்டு திருகோணமலைக்குச் சென்றிருந்தேன். நிலாவெளிக் கரையினின்றும் ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலைத் தீவைக் காண்பதற்காக இயந்திரப் படகொன்றில் ஏறினோம். படகு புறப்படுமுன் அதன் பின்புறத்தே செம்மையும் பசுமையும் நீலமுமாய் ஒரு படலம் நீர்மேல் விரிந்து மினுங்கிற்று. “பாருங்கள், வானவில் கடலில் இறங்கியிருக்கின்றது!” என்று சுட்டிக் காட்டினேன். உவமை சொல்வது எம்போன்றோர்க்குப் பழகிய தொழில் அன்றோ! கடற்றொழிலாளர் குடும்பத்து மாணவன் ஒருவன் சற்றே தயங்கி, “ஐயா, அது எண்ணெய்” என்றான்.

எள்ளினின்று பெறும் நெய்யே எண்ணெய் என்று முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே சொற்பொருள் உரைத்து வந்தவன் யான். சொல்லை அறிந்தேன், பொருள் கண்முன் கிடந்தபோது அறியேனாயினேன். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

அப்படலம் உண்டாகும் வகையைப் பின்னர் விசாரித்து அறிந்தேன். பழைய ஈரடிப்பு இயந்திரங்களில் எரிபொருளோடு மசகிடும் எண்ணெயையும் கலந்தே ஊற்றுவர். எரிந்த புகை வெளியேறும்போதே புதிய கலவையும் உட்புகுவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு நீரிற் கலந்துவிடுகின்றது. அது நாலில் ஒரு பங்கு வரையும் இருக்கலாம் என்பர். இதனோடு, கலத்திலிருந்து ஊற்றும்போது சிந்துவதும், படகின் அடியில் எண்ணெயோடு தேங்கிய நீரை அப்படியே இறைத்துக் கொட்டுவதும் சேர்கின்றன.

2021ஆம் ஆண்டு கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது நாடே பதறியது. பதறியது முறையே. ஆயினும் ஒரு படகு சிந்தும் ஒரு கரண்டி எண்ணெய்க்கு எவரும் பதறுவதில்லை. சிறிது என்பதனால் அது குற்றமாகத் தோன்றுவதில்லை. நாள்தோறும் நிகழ்வதனாற் கண்ணிலும் படுவதில்லை. புறாமலை 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது அதனைச் சூழ்ந்த முருகைக்கற் பாறைகளுக்காகவுமன்றோ? முருகையின் கருக்களும் பலவகை மீன்களின் முட்டைகளும் மிதப்பது நீரின் மேற்பரப்பிலேதான். எண்ணெய் பரவுவதும் அங்கேயே. காணச் சென்ற அழகை, காணும் செயலாலேயே கெடுக்கின்றோம்.

“மீன்பிடிப் படகுகளும் இதனைத்தானே செய்கின்றன?” என்று வினவுவோர் உளர். உண்மையே. ஆனால் அவர்கள் வயிற்றுக்காகக் கடலேறுகின்றனர். நாமோ களிப்புக்காக ஏறுகின்றோம். களிப்புக்குச் செல்பவனுக்குத் தூய்மையாகச் செல்ல அவகாசமும் உண்டு, கடமையும் உண்டு. கடல் கெட்டால் முதலில் வலை வறிதாவதும் அவர்களுக்கே.

பரிகாரம் அரிதன்று. எரிபொருட் கலத்தைக் கரையிலே வைத்து, விளிம்புவரை நிரப்பாமல் ஊற்றலாம். படகின் அடியில் எண்ணெயை உறிஞ்சும் விரிப்பொன்றை இடலாம். எண்ணெய் கலந்த நீரைப் பாத்திரத்தில் ஏந்திக் கரைக்குக் கொணரலாம். சிந்திய எண்ணெயின்மேற் சவர்க்காரத்தைக் கொட்டுதல் கூடாது. அது படலத்தைக் கண்ணுக்கு மறைத்து நீருக்குள்ளே செலுத்துமேயன்றி நீக்காது. எண்ணெயை எரிபொருளோடு கலவாத நாலடிப்பு இயந்திரத்துக்கு மாறுதல் எல்லாவற்றிலும் நன்று. அமெரிக்காவின் தாஹோ ஏரியில் பழைய வகை ஈரடிப்பு இயந்திரங்களை 1999ஆம் ஆண்டிலேயே தடைசெய்தனர்.

நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசுறல் தடுப்புச் சட்டம் உண்டு. எனினும் ஒவ்வொரு படகின் பின்னும் ஓர் அதிகாரி செல்ல இயலாது. கூலி கொடுக்கும் பயணி செல்கின்றான். அவன் கேட்டால் படகோட்டி செவிசாய்ப்பான். புதிய இயந்திரம் வாங்கப் பொருளில்லாத படகோட்டிக்குக் கடனுதவி செய்வது அரசின் பொறுப்பு. சிந்தாமல் ஊற்றும் படகுக்குச் சிறிது கூடிய கூலி கொடுப்பது நம் பொறுப்பு.

ஆண்டுதோறும் மாணாக்கரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களாகிய நாமே இதனைத் தொடங்கலாம். நெய்தல் நிலத்தின் கருப்பொருளை ஏட்டிலே விளக்கும் நாம், அந்நிலத்தைக் கெடுத்துவிட்டு வீடு திரும்புதல் தகுமா? அடுத்த சுற்றுலாவுக்கு முதல்நாள் இது பற்றி வகுப்பில் விளக்கும்படி அம்மாணவனையே கேட்டிருக்கின்றேன். அன்று யானும் பின்வாங்கில் அமர்ந்து கேட்பேன்.