பழம் புட்டிகளும் நமது கடமையும்

பழைய சாமான் கடையில் தூசி படிந்து கிடக்கும் வெறும் கண்ணாடிப் புட்டியைக் காசு கொடுத்து வாங்கி, துடைத்து, அலமாரியில் அடுக்கி வைப்பவரைக் கண்டால் நம்மில் பலர் நகைப்பர். "தேசத்தில் செய்யவேண்டிய வேலைகள் ஆயிரம் இருக்க, இதுவும் ஒரு வேலையா?" என்று கேட்பாரும் உளர். இக்கேள்விக்கு விடை கூறுவது அவசியமென்று கருதுகிறோம். ஏனெனில் நமது கைத்தொழில் சரித்திரத்தின் ஒரு பகுதி அப்புட்டிகளில் அடங்கியிருக்கிறது.

யாவரும் அறிந்த கோலி சோடாப் புட்டியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயரான ஹைராம் காட் என்பவர் 1872-ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கழுத்தினுள் ஒரு கண்ணாடிக் கோலி. வாயின் உட்புறத்தில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை மேலே தள்ளி, வளையத்தோடு இறுக்கி, வாயை அடைத்துவிடும். 1892-இல் அமெரிக்கரான வில்லியம் பெயின்டர் தகர மூடிக்கு உரிமை பெற்ற பிறகு, பிறந்த நாடாகிய இங்கிலாந்திலேயே இப்புட்டி நாளடைவில் வழக்கொழிந்தது. கோலிக்கு ஆசைப்பட்டுச் சிறுவர் உடைத்தவையும் அங்கு அநேகம். நம் நாட்டிலோ அது நிலைத்து நின்றது. கண்டுபிடித்தவர் அந்நியரேயாயினும், அதில் சோடா அடைத்து விற்றுக் குடும்பம் காத்தவர்கள் நம் ஊர்ச் சிறு தொழிலாளர்கள். அவர்களுடைய கம்பெனியின் பெயரும் ஊரும் புடைப்பெழுத்தில் வார்க்கப்பட்ட புட்டிகள் இன்றும் கிடைக்கின்றன. அவர்களுள் பலருக்கு அப்புட்டியையன்றி வேறு சாஸனம் கிடையாது.

புட்டி தன் வயதையும் தானே சொல்லும். அச்சின் இரு பாதிகளும் கூடிய தடம் பக்கவாட்டில் மேலேறி உதட்டுக்குக் கீழே மறைந்துபோகுமாயின், வாய் கையால் முடிக்கப்பட்டதென்று பொதுவாகக் கொள்ளலாம். உதட்டின் மேல் வரை அது தொடர்ந்து செல்லுமாயின் அஃது இயந்திரத்தின் வேலை. மைக்கேல் ஓவன்ஸ் 1904-இல் அமெரிக்காவில் உரிமை பெற்ற தானியங்கி இயந்திரத்தை ஒட்டியே அம்முறை உலகெங்கும் பரவிற்று. வழக்காடிப் பழகிய நமக்கு இத்தகைய சாட்சியத்தின் மதிப்பு நன்கு தெரியும். ஆயினும் எந்தச் சாட்சிக்கும் குறுக்கு விசாரணை வேண்டும். மாங்கனீஸ் கலந்த பழைய வெண்கண்ணாடி பல்லாண்டு வெயிலில் இருந்தால் ஊதா நிறம் ஏறும். அந்நிறத்தைக் கதிர்வீச்சினால் செயற்கையாக ஏற்றி அதிக விலைக்கு விற்போரும் உண்டு. நிறத்தை மட்டும் நம்பி வாங்குபவர் ஏமாறுவார்.

நம் நாட்டில் கண்ணாடித் தொழில் எவ்வாறு வளர்ந்தது என்பதையும் நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். புட்டியும் விளக்குக் கண்ணாடியும் பெரும்பாலும் கப்பலில் வந்து இறங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்நிலையை மாற்றக் கருதி, அந்தாஜி தாமோதர் காளே என்பவர் தலைக்கு ஒரு பைசாவாக ஜனங்களிடம் நிதி திரட்டினார். லோகமான்ய திலகர் அதனை ஆதரித்தார். அந்தப் பைசா நிதியைக்கொண்டு 1908-இல் பூனாவுக்கு அருகிலுள்ள தளேகாவில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. 1916-இல் ஓகலே குடும்பத்தார் கராட் நகருக்கு அருகில் மற்றொன்றைத் தொடங்கினர். ஏழைகள் கொடுத்த பைசாவினால் வேரூன்றிய தொழில் அது. அதன் ஆரம்பகாலப் பொருள்களைக் குப்பையென்று எண்ணுவது நன்றி மறத்தலன்றி வேறென்ன?

நடப்பதோ அதுவே. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலும், பம்பாய்ச் சோர் பஜாரிலும் பழம் புட்டிக்கு மதிப்பறிந்து விலை சொல்லும் வியாபாரிகள் இருக்கின்றனர். சாதாரணக் காயலான் கடைகளிலோ, அவை உடைந்த கண்ணாடியோடு சேர்த்து நிறுக்கப்பட்டு உலைக்குச் செல்கின்றன. 1985-இல் சென்னை மூர் மார்க்கெட் தீக்கிரையானபோது பழம்பொருள் வியாபாரிகளின் சரக்கு சாம்பலாயிற்று. அது ஒரு நாள் நேர்ந்த இழப்பு. உலையில் நாள்தோறும் நடப்பது நமது அலட்சியத்தின் விளைவு.

சேகரிப்போரிடமும் குற்றம் உண்டு. சீமைக் கம்பெனியின் பெயர் பொறித்த புட்டிக்குக் கேட்ட விலை கொடுப்பவர், பக்கத்து ஊர்ச் சோடாக் கடையின் புட்டியைத் திரும்பியும் பாரார். அழகுக்காகத் தேய்த்துக் கழுவிக் காகிதச் சீட்டை அழித்துவிடுபவர் பலர். எந்த ஊரில், எந்த வீட்டுச் சாமானோடு வந்தது என்று கேட்டு எழுதி வைப்பவர் மிகச் சிலர். ஊரும் பேரும் தெரியாத புட்டி வெறும் அலங்காரப் பொருளேயாகும்.

ஆதலால் நாம் வேண்டுவன மூன்று. சேகரிப்போர் ஒவ்வொரு புட்டிக்கும் கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு சீட்டில் எழுதி வைக்கட்டும். கடைக்காரர்கள் எழுத்துப் புடைத்த புட்டிகளை உலைக்கு அனுப்புமுன் தனியே எடுத்து வைக்கட்டும். அதில் அவர்களுக்கும் லாபம் உண்டு. கல்லூரிகளும் ஊர் நூல் நிலையங்களும் தத்தம் ஜில்லாவின் புட்டிகளுக்கென ஓர் அலமாரியை ஒதுக்கட்டும். இதற்கு ஸர்க்காரின் உத்தரவும் வேண்டாம், பெருநிதியும் வேண்டாம். பைசா பைசாவாகத் தொழிற்சாலை கட்டிய ஜனங்களுக்கு, புட்டி புட்டியாக அதன் சரித்திரத்தைக் காப்பது பெரிய காரியமன்று.